32 டிபி வீட்டு மீடியா சர்வருக்குக் குறைந்த செலவில் பேக்கப்

கேள்வியின் சாரம் இது. பெங்களூரில் வாடகை வீடு. ஜெல்லிஃபின் (சேர்த்து வைத்த படம், பாட்டை வீட்டு டிவியிலும் ஃபோனிலும் காட்டும் மென்பொருள்) ஓடும் ஒரு சர்வர், அதில் தலா 10 டிபி டிஸ்க் ஆறு, ஜெட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டு-ஜெட்2 அமைப்பு. டிவிடி, புளூரேயிலிருந்து ஃபைலாக மாற்றிய ரிப்கள், கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள், குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள் என்று 32 டிபி சேர்ந்திருக்கிறது. அத்தனையையும் கிளவுடில் வைக்க ஆகும் மாதச் செலவு கட்டுப்படியாகவில்லை. வேறு என்ன செய்யலாம்?

செய்யலாம். ஆனால் 32 டிபியையும் ஒரே மாதிரி நடத்தினால் எந்த வழியும் மலிவாக வராது. இந்த வேலையில் பணம் மிச்சமாவது டிஸ்க் வாங்கும் கடையில் அல்ல, அதற்கு முன்னால் ஃபைல்களைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான்.

ரெய்டு-ஜெட்2 இருப்பதால் இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போனாலும் சர்வர் தாங்கும். தவறாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைத்த பதிவு) காப்பாற்றும். பவர் சப்ளை கெட்டு ஆறு டிஸ்க்கையும் சேர்த்து எரித்தால், பெட்டி திருட்டுப் போனால், வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இரண்டாலும் பயனில்லை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருந்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் உள்ள நண்பர் வீடு அந்த வேறு இடம் ஆகாது.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: இந்த ஃபைல் இன்றிரவு போய்விட்டால் அதை எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் திரும்பக் கொண்டுவர முடியும்?

எங்கிருந்தும் கொண்டுவர முடியாதவை முதல் வகை. ஃபோன் படங்கள், கல்யாண வீடியோவின் எடிட் செய்யாத மூலம், ஸ்கேன் செய்த பத்திரங்கள், தாத்தா பாட்டி குரல் பதிவுகள். மினி டிவி டேப்பிலிருந்து இறக்கிய வீடியோவும் இதில்தான் வரும். ஒரு மணி நேர டேப் ஒன்று சுமார் 13 ஜிபி, 60 டேப் இருந்தால் 780 ஜிபி. டேப்பையே வைத்திருந்தாலும் அதை ஓட்டும் கேமரா இன்னும் வேலை செய்யும் என்று நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இந்த வகை 1 முதல் 3 டிபிக்குள் அடங்கிவிடும்.

இரண்டாம் வகை, கிடைக்கும் ஆனால் பாடுபட வேண்டும் என்பவை. கேசட்டிலிருந்து மாற்றிப் பாட்டு பாட்டாக வெட்டிப் பெயர் போட்டவை, இப்போது கடையில் வராத பழைய தமிழ்ப் படங்களின் டிவிடி, நேரம் பொருத்திச் சரிசெய்த சப்டைட்டில்கள். இங்கே ஃபைலின் அளவைவிட அதில் போட்ட உழைப்புதான் பெரிது. மூன்றாம் வகை, மூல டிஸ்க் பரணில் பத்திரமாக இருக்கிறது, நினைத்தால் மறுபடி ரிப் செய்துகொள்ளலாம் என்பவை. பெரிய சர்வர்களில் பெரும்பகுதி இதுதான்.

என்சிடியு என்ற சிறு கருவியை ஓட்டினால் எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடிக்கிறது என்று உடனே தெரியும். கணக்குக்காக முதல் வகை 2.5 டிபி, இரண்டாவது 9 டிபி, மூன்றாவது 20.5 டிபி என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெளியில் நகல் எடுக்க வேண்டியது 32 இல்லை, 11.5 டிபி. அது ஒரே 14 டிபி டிஸ்க்கில் அடங்கும்.

மூன்று வகைக்கும் மூன்று தனி டேட்டாசெட் (ஜெட்எஃப்எஸ் தனியாக நடத்தும் பகுதி) போட்டு ஃபைல்களை மாற்றுங்கள். ஜெட்எஃப்எஸ்ஸில் ஒரு டேட்டாசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மூவ் செய்வது உள்ளுக்குள் பெரும்பாலும் முழுக் காப்பி. அதனால் நேரம் பிடிக்கும். பழைய ஸ்னாப்ஷாட்கள் இருக்கும்வரை பழைய இடம் விடுபடவும் செய்யாது, பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்த இடம்) நிரம்பிவிடும். 500 ஜிபி, 500 ஜிபியாக மாற்றி, சரிபார்த்து, பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்கிக்கொண்டே போவது நல்லது.

மூன்றாம் வகைக்கு நகல் எடுக்காவிட்டாலும் பட்டியல் எடுத்தே ஆக வேண்டும். ஃபைண்ட் கட்டளையால் பாதை, அளவு, தேதி மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வாரம் ஒருமுறை எழுதி முதல் வகையில் போட்டுவிடுங்கள். சில எம்பிதான் வரும். சர்வர் முழுதும் போன அன்று என்னென்ன இருந்தது என்பதே நினைவுக்கு வராது. அந்தப் பட்டியல் இல்லாமல் மறுபடி சேர்ப்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

இப்போது கிளவுட் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று பார்ப்போம். பேக்பிளேஸ் பி2 என்ற கிளவுட் சேமிப்பு 2023 அக்டோபரில் ஒரு டிபிக்கு மாதம் 6 டாலர் என்று விலை வைத்தது. அந்த விலையில் 32 டிபிக்கு 192 டாலர், ஒவ்வொரு மாதமும். 2.5 டிபிக்கு 15 டாலர். பிரித்ததன் பலன் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது.

அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் பலருடைய கண்ணை ஈர்க்கும். அமெரிக்கப் பிராந்தியத்தில் ஒரு டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர்தான், 32 டிபிக்கு 32 டாலர். சிக்கல் திரும்ப எடுக்கும்போது வரும். மலிவான பல்க் முறையில் ஃபைல் தயாராக 48 மணி நேரம் வரை ஆகும். அதன்பின் அமேசானை விட்டு வெளியே இறக்க ஜிபிக்கு 0.09 டாலர், 10 டிபிக்கு மேல் 0.085. மொத்தத்தையும் இறக்கினால் இதற்கு மட்டும் சுமார் 2,770 டாலர். போட்ட ஃபைலை 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாளுக்கான காசு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் சுமார் 40 கேபி கூடுதலாகக் கணக்கில் சேரும் என்பதால் லட்சக்கணக்கான சின்னப் படங்களை அப்படியே ஏற்றாமல் மாத வாரியாக டார் ஃபைலாக (பல ஃபைல்களை ஒன்றாக்கிய ஃபைல்) கட்டி ஏற்ற வேண்டும். வீடே போனால் மட்டும் தொடும் கடைசிப் பிரதியாக, முதல் வகைக்கு மட்டும், இது மிக நல்ல இடம். முழு சர்வருக்கு வேண்டாம். எந்த கிளவுட் பில்லிலும் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

'அன்லிமிடெட்' என்று விற்பவற்றின் மேல் திட்டம் கட்டாதீர்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸில் அளவில்லாத இடம் 2023-இல் முடிவுக்கு வந்தது. அமேசான் டிரைவ் அதே ஆண்டு டிசம்பரோடு மூடப்பட்டது. பேக்பிளேஸின் தனிநபர் திட்டம் அளவில்லாததுதான், ஆனால் லினக்ஸிலும் நாஸிலும் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) ஓடாது.

இன்டர்நெட் இன்னொரு தடை. 100 எம்பிபிஎஸ் அப்லோடு நிற்காமல் ஓடினாலும் 32 டிபி ஏற 30 நாள். பெங்களூரின் வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3.3 டிபி என்ற எல்லை இருக்கிறது. அப்லோடும் அதில் கணக்காகும், தாண்டினால் வேகம் சுருங்கும். அந்த எல்லைக்குள் ஏற்றினால் பத்து மாதம். 2.5 டிபி என்றால் ஒரே மாதத்தில், இரவு நேரங்களில் மட்டுமே ஏற்றி முடித்துவிடலாம்.

ஆக, முதல் வகை தினமும் கிளவுடுக்கு. முதல் இரண்டு வகையும் சேர்த்து இரண்டு வெளி டிஸ்க்குகளில், அதில் ஒன்று எப்போதும் சொந்த ஊரில். இந்த 11.5 டிபிக்கு 14 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினால் போதும். 32 டிபியையும் இரண்டு பிரதி எடுக்கப் போனால் 18 டிபி டிஸ்க் நான்கு வேண்டியிருக்கும்.

டிஸ்க் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறும் இடம் இது. புதிதாக வாங்கினால் என்டர்பிரைஸ் டிஸ்க்குக்குப் பொதுவாக 5 வருட வாரண்டி, யுஎஸ்பி டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு அதைவிடக் குறைவு. விலையை டிபியால் வகுத்துப் பாருங்கள், பிறகு வாரண்டி வருடத்தாலும் வகுத்துப் பாருங்கள். இரண்டாவது வகுத்தலில் பல நேரம் வரிசையே மாறிவிடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்கும்போது டிஸ்க்கின் சீரியல் நம்பரைக் கவர் பிரிக்கும் முன்பே தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டுக்கானது என்றோ, சர்வர் கம்பெனிக்கு விற்றது என்றோ வந்தால் இந்தியாவில் வாரண்டி கிடைக்காது. அது புது டிஸ்க்காகவே இருந்தாலும் பழைய டிஸ்க் விலைதான் கொடுக்க வேண்டும்.

பழைய டேட்டா சென்டர் டிஸ்க் வாங்குவது தவறில்லை. இரண்டு பிரதியில் ஒன்றை அப்படி வாங்கலாம், இரண்டையும் வேண்டாம். எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது சாதாரண கம்ப்யூட்டர்களில் இருக்கும் சாட்டா போர்ட்டிலும் யுஎஸ்பி டாக்கிலும் (டிஸ்க்கைச் செருகும் தாங்கி) ஏறாது. அதை இணைக்க ஹெச்பிஏ என்ற தனி கார்டு வேண்டும். சிலவற்றில் செக்டர் (டிஸ்க் படித்து எழுதும் சிறு அலகு) 520 பைட்டாக இருக்கும், எஸ்ஜி-ஃபார்மட் கருவியால் 512-க்கு மாற்றாமல் பயன்படுத்தவே முடியாது. சாட்டா என்று கேட்டே வாங்குங்கள். ஸ்மார்ட் கணக்கில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் பதிவு) பார்க்க வேண்டிய வரிகளின் எண்கள் 5, 187, 197, 198. இந்த நான்கு வரியின் மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, அதற்காக டிஸ்க்கை ஒதுக்க வேண்டாம். ஓடிய மணி நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், அதை அழித்துப் புதிதாகக் காட்ட முடியும். 2025 தொடக்கத்தில் பல நாடுகளில் பழைய சீகேட் டிஸ்க்குகள் இப்படிப் புதியதாக விற்கப்பட்டது அம்பலமானது. சீகேட்டில் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஃபார்ம் லாக் என்று இன்னொரு பதிவு உள்ளே இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கருவியின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படிக்கலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கடையில் பேச்சே வேண்டாம்.

புதிதோ பழையதோ, முதல் நாளே தரவைப் போடாதீர்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் பேட்பிளாக்ஸ் கருவியை எழுதிப் படிக்கும் முறையில் ஒரே ஒரு பேட்டர்னோடு ஓட்டுங்கள். அது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கும் என்பதால் எந்த டிஸ்க் என்பதைச் சீரியல் நம்பரோடு ஒப்பிட்டுவிட்டுத் தட்டுங்கள். வழக்கமான நான்கு பேட்டர்ன் 14 டிபிக்கு ஒரு வாரத்தை விழுங்கும், ஒரு பேட்டர்ன் 45 மணி நேர அளவில் முடியும். பிளாக் அளவைச் சொல்லாமல் விட்டால் பெரிய டிஸ்க்கில் பிழை காட்டி நின்றுவிடும். 16 டிபி வரை 4096, அதற்கு மேல் 8192 கொடுங்கள். டாக்கில் நட்டுக்குத்தலாக நிற்கும் டிஸ்க் இவ்வளவு நேரம் எழுதினால் 50 டிகிரியைத் தாண்டும், பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். முடிந்ததும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டி அதே நான்கு எண்ணையும் மறுபடி பாருங்கள்.

டாக்கை யுஎஸ்பி 3 போர்ட்டில்தான் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யுஎஸ்பி 2-வில் நொடிக்கு 40 எம்பிகூடத் தாண்டாது, 14 டிபிக்கு நான்கு நாளுக்கு மேல். பழைய டாக்குகள் சில, செக்டர் அளவை 4096 என்று மாற்றிக் காட்டும். அந்த டாக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பிறகு நேரடியாக சாட்டாவில் மாட்டினால் காலியாக இருப்பதுபோல் தெரியும். தரவு போகவில்லை, அதே டாக்கில் மாட்டினால் வரும். ஆனால் அவசரத்தில் அதைப் பார்த்துப் பயந்து ஃபார்மட் செய்தால் உண்மையிலேயே போய்விடும். யுஎஸ்பி பெட்டியோடு வரும் சில மாடல்களில் பெட்டிக்குள் இருக்கும் போர்டே தரவை என்கிரிப்ட் செய்து பூட்டும். போர்டு கெட்டால் டிஸ்க்கை மட்டும் எடுத்துப் படிக்க முடியாது. எழுதிப் பார்த்து, பெட்டியைத் திறந்து, சாட்டாவில் மாட்டிப் படிக்க வருகிறதா என்று தொடக்கத்திலேயே பார்க்கலாம். திறந்தால் வாரண்டிக்குத் தகராறு வரலாம் என்பதால் பெட்டி இல்லாத டிஸ்க்கும் தனி டாக்கும் வாங்குவதே எளிது.

பைக்குள் அடங்கும் 2.5 அங்குல 5 டிபி டிஸ்க்குகள் முதல் வகைக்கு மட்டும் பொருந்தும். அவை எஸ்எம்ஆர், அதாவது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு மூடியபடி எழுதுபவை. ஒருமுறை எழுதி வைக்கச் சரி, அழித்து அழித்து எழுதினால் வேகம் படுத்துவிடும். பல மாடல்களில் யுஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், போர்ட் உடைந்தால் மீட்பது பெரும் செலவு.

இனி டிஸ்க்கில் எழுதும் முறை. இரண்டு டிஸ்க்கையும் முதலில் லக்ஸ் என்ற லினக்ஸ் வசதியைக் கொண்டு என்கிரிப்ட் செய்யுங்கள். பஸ்ஸில் பை தொலைந்தாலும் கவலை இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட அடிக்கடி கைகொடுக்கும் காரணம் வாரண்டி: கெட்ட டிஸ்க்கை மாற்றக் கொடுக்கும்போது குடும்பப் படங்களோடு கொடுக்கத் தயங்கி வாரண்டியையே விட்டுவிடுபவர்கள் உண்டு. லக்ஸின் தலைப்பகுதி (ஹெடர்) சேதமானால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை, அதனால் ஹெடரின் நகலை எடுத்து முதல் வகையில் போட்டுவிடுங்கள்.

லக்ஸ் மேல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனி ஜெட்எஃப்எஸ் பூல். இரண்டையும் சேர்த்து ஒரே பூலாக்க வேண்டாம். சர்வரில் ஸ்னாப்ஷாட் எடுத்து செண்ட், ரிசீவ் முறையில் அனுப்பினால் அடுத்த முறை மாறியது மட்டும் போகும். இதில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாறியதை மட்டும் அனுப்ப, சர்வரிலும் டிஸ்க்கிலும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் டிஸ்க் நான்கு ஐந்து மாதம் கழித்து வரும்போது, சர்வரின் தானியங்கி அழிப்பு அந்த ஸ்னாப்ஷாட்டை எப்போதோ நீக்கியிருக்கும். பிறகு 11.5 டிபியையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். இதைத் தவிர்க்க, அனுப்பி முடித்ததும் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு புக்மார்க் போடுங்கள். ஸ்னாப்ஷாட் அழிந்தாலும் புக்மார்க்கிலிருந்து மாறியதை அனுப்ப முடியும், புக்மார்க் இடமும் பிடிக்காது. டிஸ்க் பக்கத்தில் மட்டும் அந்த ஸ்னாப்ஷாட் அழியக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றும் முன் பூலை எக்ஸ்போர்ட் (முறையாக மூடி விடுவித்தல்) செய்யுங்கள், வெறுமனே கேபிளைப் பிடுங்காதீர்கள்.

சர்வரில் ஜெட்எஃப்எஸ் இல்லாத நண்பர்கள் ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்துவார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விபத்துகள். மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (சர்வரோடு இணையாமல்) ஃபோல்டர் காலியாக இருக்கும் வேளையில் டெலீட் ஆப்ஷனோடு ஆர்சிங்க் ஓடினால், மூலத்தில் எதுவும் இல்லை என்று முடிவு செய்து பேக்கப்பையும் துடைத்துவிடும். ஒரு முறை ஓடும்போது எத்தனை ஃபைல் வரை அழிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மேக்ஸ்-டெலீட் ஆப்ஷனில் 200 மாதிரி ஓர் எண் கொடுத்துவையுங்கள். மூலத்தில் ஓர் அடையாள ஃபைல் வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டுமே ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். மற்றது இதன் மறுபக்கம்: பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, ஆர்சிங்க் அந்தக் காலி ஃபோல்டரிலேயே எழுதிக்கொண்டு போகும், சர்வரின் பூட் எஸ்எஸ்டி நிரம்பி எல்லாம் நிற்கும். டிஸ்க் மாட்டாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்குச் சேட்டர் கட்டளையால் இம்யூட்டபிள் ஃபிளாக் போட்டுவிட்டால் அதில் எதுவும் எழுத முடியாது. டிஸ்க்கை இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்பவர்கள் ரிசர்வ் அளவைப் பூஜ்யமாக்க மறக்க வேண்டாம். இயல்பாக 5 சதவீதம் ஒதுக்கும், 14 டிபியில் அது 700 ஜிபி.

ஊருக்குப் போகும் டிஸ்க் விஷயம் நம்மவர்களுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. கிருஷ்ணகிரியோ சேலமோ வேலூரோ, பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என்று எப்படியும் போய்வருகிறோம். 'அ' டிஸ்க் ஊரில், 'ஆ' டிஸ்க் பெங்களூரில். போகும் வாரம் 'ஆ'வில் புதியதை எழுதிக் கொண்டுபோய் வைத்துவிட்டு 'அ'வை எடுத்து வாருங்கள். அந்த இடைவெளியில் வீடு முழுதும் போனாலும் இரண்டாம் வகையில் சில மாதச் சேர்க்கைதான் நஷ்டம். முதல் வகைதான் தினமும் கிளவுடுக்குப் போகிறதே. மாற்றும்போது இரண்டு டிஸ்க்கும் சில மணி நேரமாவது ஒரே வீட்டில் இருக்கக்கூடும், அது ஊர்ப் பக்கமாக இருக்கட்டும், சர்வர் இருக்கும் பக்கம் வேண்டாம்.

டிஸ்க்கை ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஃபோம் வைத்த கெட்டிப் பெட்டியில் வையுங்கள். பஸ்ஸில் மடியிலோ தோள்பையிலோ இருக்கட்டும், லக்கேஜ் டிக்கியில் வேண்டாம். ஓடாமல் இருக்கும் டிஸ்க் குலுக்கலைத் தாங்கும், கீழே விழுவதைத் தாங்காது. மேலே சீரியல் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும் எழுதிய தேதியும் பேப்பர் டேப்பில் ஒட்டுங்கள். ஊரில் சாமான் அறையின் தரையிலோ, சமையலறைப் பக்கமோ வேண்டாம். பீரோவின் மேல்தட்டு சரியான இடம்.

ஊரில் நல்ல ஃபைபர் இருந்தால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் ஒன்றையும் டிஸ்க்கையும் நிரந்தரமாக வைத்து டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் வழியாகவே அனுப்பலாம். பல இணைப்புகள் சிஜிநாட் (பல வீடுகள் ஒரே இணைய முகவரியைப் பகிரும் ஏற்பாடு) என்பதற்குப் பின்னால் இருப்பதால், வெளியிலிருந்து வீட்டுக்குள் வழிவிடும் போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யாது, டெய்ல்ஸ்கேல் அதைச் சமாளிக்கும். முதல் நகலைப் பெங்களூரிலேயே எடுத்து டிஸ்க்கைக் கையில் கொண்டுபோங்கள். அதன்பின் வாரம் 30 ஜிபி சேர்ந்தாலும் 20 எம்பிபிஎஸ் வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்குள் முடியும். எஸ்டி கார்டில் பூட் செய்யாதீர்கள், அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் முதலில் சாவது அதுதான். ஆனால் அங்கே பெட்டி நின்றுவிட்டால் அம்மாவிடம் ஃபோனில் 'அந்த ஒயரைக் கழற்றி மாட்டும்மா' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். 11.5 டிபிக்கு டிஸ்க் மாற்றும் வழியே போதுமானது, அதில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு.

பெங்களூரிலேயே இரண்டாவது சர்வர் ஒன்றை 24 மணி நேரமும் ஓட்டலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். 40 வாட் என்றால் வருடத்துக்கு 350 யூனிட், யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 2,100 ரூபாய். பணம் பெரிதில்லை. எப்போதும் ஒரே நெட்வொர்க்கில், ஒரே கரண்ட் லைனில் இருப்பதுதான் குறை. ஏப்ரல், மே இடிமழையில் லைனில் வரும் அடி இரண்டு பெட்டியையும் ஒன்றாகத் தாக்கும்.

முதல் வகையின் தினசரி வேலைக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி போதும். மாறியதை மட்டும் அனுப்பும், பழைய வடிவங்களை வைத்திருக்கும், வீட்டிலேயே என்கிரிப்ட் செய்து அனுப்பும். 7 நாள், 5 வாரம், 12 மாதம் என்று தக்கவைத்தால் படங்களுக்குப் போதும். பி2 நேரடியாக ஒத்துப்போகும். ஹெட்ஸ்னரின் ஸ்டோரேஜ் பாக்ஸும் எஸ்எஃப்டிபி வழியாக வேலை செய்யும், 5 டிபி திட்டம் 2.5 டிபிக்கு வளர இடம் தரும், ஆனால் ஐரோப்பாவில் இருப்பதால் வேகம் குறைவு. இரண்டாம், மூன்றாம் வகைக்கு ரெஸ்டிக் போட்டு வீணாக நேரத்தைச் செலவழிக்காதீர்கள். சினிமா ஃபைலில் டீடூப்ளிகேஷனால் (ஒரே தரவை இரண்டாம் முறை சேமிக்காமல் விடுவது) மிச்சமாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

படங்கள் இம்மிச் என்ற ஃபோட்டோ மென்பொருளில் இருந்தால் அப்லோடு ஃபோல்டரை மட்டும் நகல் எடுப்பது பாதி வேலை. ஆல்பங்களும் முகங்களின் பெயர்களும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன, அதன் டம்ப்பும் (முழுப் பிரதி) சேர வேண்டும். ஜெல்லிஃபினின் டேட்டாபேஸை ஓடும்போது காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் வரலாம். சர்வீஸை நிறுத்திவிட்டு எடுங்கள், அல்லது ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுங்கள். சர்வரின் மென்பொருள்கள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் டாக்கர் கம்போஸ் ஃபைல்களும் முதல் வகையே.

டேப்பைப் பற்றியும் கேட்பீர்கள். எல்டிஓ-6 என்ற, கம்ப்யூட்டர் தரவுக்கான காந்த நாடா டேப் ஒன்றில் 2.5 டிபி, 32 டிபிக்கு 13 டேப். பெட்டியில் 6.25 என்று போட்டிருப்பது கம்ப்ரஸ் செய்த கணக்கு, வீடியோ ஏற்கெனவே சுருங்கியது என்பதால் அது நமக்குக் கிடைக்காது. டேப் மலிவு, டிரைவ் மலிவில்லை. மலிவாகக் காணும் பழைய டிரைவ்கள் பல ஃபைபர் சேனல் என்ற டேட்டா சென்டர் இணைப்புக் கொண்டவை. எஸ்ஏஎஸ் டிரைவும் ஹெச்பிஏ கார்டும் கிளீனிங் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அந்த ஒரு டிரைவ் போனால் வேறொன்று தேட வேண்டும், எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. 100 டிபியை நெருங்கும்போது மறுபடி யோசியுங்கள், இப்போது வேண்டாம். புளூரேயில் எழுதுவது பத்திர ஸ்கேன்களுக்கும் தேர்ந்தெடுத்த படங்களுக்கும் மட்டும் சரி, 2.5 டிபிக்கே 25 ஜிபி டிஸ்க் 100 வேண்டும்.

பேக்கப் எழுதும் நாளில் சர்வரும் டாக்கும் இரண்டுமே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். சர்வர் மட்டும் யுபிஎஸ்ஸில், டாக்கின் அடாப்டர் சுவர் பிளக்கில் என்ற அமைப்பு நிறைய வீடுகளில் உண்டு. 600 விஏ யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீரும் முன் சர்வரை அணைக்கச் சொல்ல வழியில்லை. வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைக்க வேண்டும். மற்ற மோடில் மாறும் அந்த ஒரு கண நேரத்திலேயே சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பழைய வாடகை வீடு என்றால் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பாருங்கள்.

சரிபார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஊரிலிருந்து டிஸ்க் வந்ததும் எதையும் எழுதும் முன் ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஜெட்எஃப்எஸ் வேலை) ஓட்டுங்கள், 11.5 டிபிக்கு 18 மணி நேர அளவில் ஆகும். தனி டிஸ்க் பூல் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும், தானே திருத்தாது. எந்த ஃபைல் என்று பெயரோடு காட்டும், அதைச் சர்வரிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ரெஸ்டிக்கில் செக் கட்டளையோடு மாதம் 5 சதவீதத் தரவை இறக்கிப் பார்க்கச் சொல்லலாம். வருடத்துக்கு ஒருமுறை, சர்வரைத் தொடாமல், வேறொரு லேப்டாப்பில் ரெஸ்டிக்கை நிறுவி, ஒரு மாதப் படங்களை மீட்டுத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு சர்வருக்குள் மட்டுமே இருந்தது என்பது இந்தச் சோதனையில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

ரெஸ்டிக் பாஸ்வேர்டு, லக்ஸ் பாஸ்வேர்டு, கிளவுட் கணக்கின் விவரம், டிஸ்க்கைத் திறக்க வேண்டிய நான்கு வரிக் கட்டளைகள் ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சடித்து, ஒன்றைப் பெங்களூர் வீட்டுப் பத்திரங்களோடும் இன்னொன்றை ஊரில் டிஸ்க் இல்லாத வேறு பீரோவிலும் வையுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.